ரெயில் பிரஷர் சென்சார் மின்சுற்றுக் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காமன் ரெயில் டீசல் வண்டிகளில் எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் மின்சுற்று பழுதானால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வண்டி உரிமையாளர்களும், பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளும் கேட்கும் கேள்விகள் இங்கே பதில்களோடு தரப்படுகின்றன. பெட்ரோல் வண்டிகளுக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்பது தனிக் கேள்வியாகப் பின்னால் வருகிறது.

இந்த சென்சார் எங்கே இருக்கிறது? அதன் வேலை என்ன?

டேங்கிலிருந்து வரும் டீசலை உயர் அழுத்தப் பம்ப் அழுத்தி, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு தடித்த எஃகுக் குழாய்க்குள் செலுத்துகிறது. அந்தக் குழாய்க்குத்தான் ரெயில் என்று பெயர். அதன் முனையிலோ நடுவிலோ திருகப்பட்டு, தலையில் சிறிய கனெக்டரோடு நிற்கும் உலோகத் துண்டுதான் ரெயில் பிரஷர் சென்சார். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் இந்த முறை முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது ரெயிலின் உச்ச அழுத்தம் 1350 பார். இன்றைய வண்டிகளில் அது 2000 பாரையும் தாண்டுகிறது. கார் டயரில் இருக்கும் காற்று சுமார் 2 பார் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

சென்சாருக்குள் ஒரு மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறது. டீசலின் அழுத்தத்தில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்போது, அதன் மேல் பதிக்கப்பட்ட மின்தடைகளின் மதிப்பு மாறுகிறது. அந்த மாற்றத்தை உள்ளே இருக்கும் சிறு மின்னணுச் சுற்று பெருக்கி, வோல்ட் கணக்கில் இசியுவுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு, அனுப்புகிறது. பம்பின் வால்வை எவ்வளவு திறப்பது, இன்ஜெக்டரை எத்தனை மைக்ரோ வினாடி திறந்து வைப்பது என்று இசியு முடிவு செய்வது இந்த வோல்ட் அளவை நம்பித்தான். ஆகவே இந்த வயரில் வரும் எண் பொய்யானால், பம்பும் இன்ஜெக்டரும் நல்ல நிலையில் இருந்தும் இன்ஜின் தடுமாறும்.

மூன்று வயர்களில் எதில் என்ன வருகிறது?

ஒன்றில் இசியு தரும் 5 வோல்ட், ஒன்றில் சென்சாரின் எர்த், மூன்றாவதில் சிக்னல். பெரும்பாலான சென்சார்களில் அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது சிக்னல் 0.5 வோல்ட், உச்ச அழுத்தத்தில் 4.5 வோல்ட், இடைப்பட்ட அழுத்தங்களுக்கு நேர்க்கோட்டில் ஏறும். 1800 பார் அளவுள்ள சென்சார் என்றால் 4 வோல்ட்டுக்கு 1800 பார், அதாவது வோல்ட்டுக்கு 450 பார். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் ஐடில் நிலையில் 300 பார் இருந்தால் சிக்னல் சுமார் 1.17 வோல்ட் வர வேண்டும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது. இசியுவில் உள்ள எண்களைப் படிக்கும் ஸ்கேனர் கருவி காட்டும் பாரையும் மீட்டர் காட்டும் வோல்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அது தினமும் உதவும்.

எல்லாச் சென்சாரும் இப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். சில ஜப்பானிய அமைப்புகளில் பூஜ்ய அழுத்தத்திலேயே சுமார் 1 வோல்ட் இருக்கும். சிலவற்றில் ஒரே உடலுக்குள் இரண்டு சென்சார்கள் இருப்பதால் ஆறு பின்கள் இருக்கும். சில புதிய வண்டிகளில் சிக்னல் வயரில் வோல்ட் ஏறி இறங்காது. டிஜிட்டல் துடிப்புகளாகத் தகவல் போகும். அந்த வயரில் மல்டிமீட்டரை வைத்தால் பொருளில்லாத ஏதோ ஒரு சராசரி எண்தான் வரும். வண்டியின் வயரிங் படம் கையில் இல்லாமல் மீட்டரை எடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

பி0190 முதல் பி0194 வரை உள்ள குறியீடுகள் எதைச் சொல்கின்றன?

கோளாறு கண்டால் இசியு பதிந்து வைக்கும் பழுதுக் குறியீடுகள் இவை; ஸ்கேனரில் படிக்கலாம். பி0190 என்பது ரெயில் பிரஷர் சென்சார் மின்சுற்றில் கோளாறு என்ற பொதுவான அறிவிப்பு. பி0192 வந்தால் சிக்னல் வோல்ட் இருக்க வேண்டிய எல்லைக்குக் கீழே போயிருக்கிறது. பி0193 வந்தால் எல்லைக்கு மேலே. பி0194 விட்டு விட்டு வரும் கோளாறு. பி0191 இவற்றிலிருந்து வேறுபட்டது: வோல்ட் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்து நிலைமைக்குப் பொருந்தவில்லை என்று இசியு சந்தேகப்படுகிறது என்று பொருள். இவற்றோடு பி0642, பி0643, பி0652, பி0653 போன்றவை சேர்ந்து வந்தால் கவனத்தைச் சென்சாரிலிருந்து உடனே எடுத்து, 5 வோல்ட் வழங்கும் சுற்றின் மேல் வைக்க வேண்டும். பி0087 என்பது அழுத்தம் உண்மையிலேயே குறைவு என்று இசியு நினைப்பதையும், பி0088 அதிகம் என்று நினைப்பதையும் குறிக்கும்.

பி0193 வந்துவிட்டது. சென்சாரை மாற்றிவிட்டால் போதுமா?

பல பட்டறைகளில் நடப்பது அதுதான். வாடிக்கையாளரின் பணம் வீணாவதும் அங்கேதான். குறியீட்டின் முழுப் பெயரைப் படித்துப் பாருங்கள்: சென்சார் பழுது என்று அதில் எங்கும் இல்லை, சென்சார் மின்சுற்று என்றுதான் இருக்கிறது. மின்சுற்று என்றால் இசியுவின் பின், அங்கிருந்து வரும் வயர், நடுவில் இருக்கும் இணைப்புகள், கனெக்டர், கடைசியில் சென்சார். இந்த வரிசையில் வெப்பத்தையும் அதிர்வையும் தண்ணீரையும் எலிப் பல்லையும் அதிகம் சந்திப்பது வயரும் கனெக்டரும்தான். புதிய சென்சார் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய அளவீடுகள் அரை மணி நேரத்துக்கு மேல் எடுக்காது.

வண்டியில் என்னென்ன அறிகுறிகள் தெரியும்?

எச்சரிக்கை விளக்கு எரியும். இழுவை குறையும், பல வண்டிகளில் இன்ஜின் வேகம் குறிப்பிட்ட எல்லைக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும், அல்லது ஆகவே ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்து, சாவியைத் திருப்பிப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுவதும் உண்டு. ஆனால் டீசல் ஃபில்டர் அடைத்தாலும், பம்ப் தேய்ந்தாலும், இன்ஜெக்டர் கசிந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும் என்பதால், அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. அப்படியானால் சென்சார்தானே பழுது?

நெடுஞ்சாலையில் நின்றுபோன வண்டியை ஓட்டிக்கொண்டு வர டிரைவர்கள் கையாளும் பழைய தந்திரம் இது. கனெக்டரைக் கழற்றியவுடன் சிக்னல் சாத்தியமில்லாத எல்லைக்குப் போய்விடுகிறது. இசியு அதை நம்புவதை விட்டுவிட்டு, தன்னிடம் உள்ள மாற்று மதிப்பை வைத்து இன்ஜினை ஓட்டுகிறது. எல்லா வண்டியிலும் இது நடக்காது. சிலவற்றில் சென்சார் இல்லாவிட்டால் இன்ஜினை இசியு ஓடவே விடாது. ஓடினால் அதிலிருந்து தெரிவது ஒன்றே ஒன்று: இசியுவுக்குப் போய்க்கொண்டிருந்த சிக்னல் பொய்யானது. அந்தப் பொய்யைச் சொன்னது சென்சாரா, எர்த் வயரா, குறைந்துபோன 5 வோல்ட்டா என்று இந்தச் சோதனை சொல்லாது. இதே நிலையில் ஊர் ஊராக ஓட்டுவதும் சரியல்ல. அழுத்தம் எவ்வளவு என்று தெரியாமலே பம்ப் இயங்கிக்கொண்டிருக்கிறது.

என்ன கருவிகள் வேண்டும்? ஆபத்து ஏதும் உண்டா?

நேரடி எண்களைக் காட்டக்கூடிய ஸ்கேனர், நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர், கனெக்டரின் பின்புறமாக நுழைக்கக்கூடிய மெல்லிய ஊசி முனைகள், 21 வாட் பல்பு ஒன்று, வயரிங் படம். வோல்ட்டின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் இருந்தால் விட்டு விட்டு வரும் கோளாறுகளில் நேரம் மிச்சமாகும். பழைய பாணி டெஸ்ட் லேம்பை இசியுவோடு இணைந்திருக்கும் வயர்களில் வைக்கவே கூடாது. அது இழுக்கும் கரண்ட் சென்சார் சுற்றுக்கு அதிகம். வயரின் மேலுறையில் ஊசியைக் குத்தி அளப்பதையும் தவிர்க்கவும். இன்று குத்திய துளை வழியாக மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கி, ஆறு மாதத்தில் அந்த இடத்தில் செம்பு பச்சையாகப் பூத்து நிற்கும்.

ஆபத்தைப் பொறுத்தவரை ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்தக் கூடாது; கசிகிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பார்க்கவும் கூடாது. ஊசிமுனைத் துளை வழியாக வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளி போலத்தான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனாலும் அது உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய காயம். இன்ஜெக்டர் வயர்களையும் இன்ஜின் ஓடும்போது தொட வேண்டாம். சோலினாய்டு வகையில்கூட பேட்டரி வோல்ட்டைப் போலப் பல மடங்கு வரும். பீசோ வகையில் 100 வோல்ட்டையும் தாண்டும்.

முதலில் எதை அளப்பது?

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு, கனெக்டர் மாட்டியபடியே, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து சிக்னல் வயரின் வோல்ட்டை அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனை பேட்டரியின் மைனஸில் இருக்கட்டும். ரெயிலில் அழுத்தமே இல்லாத இந்த நேரத்தில் பதில் என்ன என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அதனால்தான் இந்த அளவீட்டை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன். ஓடும் இன்ஜினில் 1.3 வோல்ட் வந்தால் அது சரியா தவறா என்று விவாதிக்கலாம். நிற்கும் இன்ஜினில் 0.5 வர வேண்டிய இடத்தில் 0.7 வந்தால் விவாதத்துக்கு இடமில்லை.

0.5 வோல்ட்டுக்கு அருகில் வந்து, ஸ்கேனரிலும் பூஜ்யத்தை ஒட்டிய எண் தெரிந்தால் மூன்று வயர்களும் சென்சாரும் அந்த நொடியில் நலம். பிறகு செல்ஃப் அடிக்கும்போது சிக்னல் ஏறுகிறதா என்று பார்க்கலாம். பூஜ்யம் வந்தால் 5 வோல்ட் வரவில்லை, அல்லது சிக்னல் எர்த்தோடு ஒட்டியிருக்கிறது. 5 வோல்ட்டுக்கு அருகில் வந்தால் எர்த் வயர் அறுந்திருக்கலாம், சிக்னல் வயர் 5 வோல்ட்டோடு ஒட்டியிருக்கலாம், அல்லது சென்சாருக்குள்ளேயே அறுந்திருக்கலாம். 12 வோல்ட் வந்தால் எங்கோ வயரிங் கட்டுக்குள் பேட்டரி வயரோடு உரசி ஒட்டியிருக்கிறது; இசியுவைக் காப்பாற்ற வேண்டுமானால் சாவியை உடனே அணைத்துவிடுங்கள்.

கனெக்டரைக் கழற்றிச் செய்யும் சோதனை எப்படி?

பல இசியுக்களில் சிக்னல் பின்னுக்கு உள்ளிருந்தே ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட் கொடுக்கப்பட்டிருக்கும். எனவே கனெக்டரைக் கழற்றினால் சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறி பி0193 வரும். இப்போது கனெக்டரின் சிக்னல் பின்னையும் சென்சார் எர்த் பின்னையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். ஸ்கேனரில் பி0193 போய் பி0192 வந்தால், சிக்னல் வயர், எர்த் வயர், இசியுவின் உள்ளீடு ஆகிய மூன்றுமே நன்றாக இருக்கின்றன என்று ஒரே சோதனையில் தெரிந்துவிடும். 5 வோல்ட் பின்னிலும் 5 வோல்ட் இருக்கிறது என்றால், இப்போது சென்சாரைக் குற்றவாளி என்று சொல்லலாம்.

இணைத்த பிறகும் பி0193 மாறவில்லையா? சிக்னல் பின்னை எர்த் பின்னோடு இணைப்பதற்குப் பதிலாகப் பேட்டரி மைனஸோடு இணைத்துப் பாருங்கள். இப்போது மாறினால் சென்சாரின் எர்த் வயர் அறுந்திருக்கிறது. அப்போதும் மாறாவிட்டால் சிக்னல் வயர் அறுந்திருக்கிறது அல்லது வேறு வோல்ட்டோடு ஒட்டியிருக்கிறது. மாறாக, கனெக்டரைக் கழற்றிய பிறகும் பி0192 விடாமல் நின்றால், சிக்னல் வயர் வழியில் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

சில இசியுக்களில் இது தலைகீழாக இருக்கும்: கழற்றினால் சிக்னல் பூஜ்யத்துக்கு இறங்கும். அவற்றில் சிக்னல் பின்னை 1 கிலோ ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட் பின்னோடு இணைத்துச் சோதிக்க வேண்டும். எந்த வகையானாலும் பேட்டரி பிளஸ்ஸை இந்தப் பின்களின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

5 வோல்ட் பின்னில் 5 வோல்ட் இல்லை. இசியு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. இசியுவின் ஒரே 5 வோல்ட் வழியைப் பல சென்சார்கள் பங்கிட்டுக்கொள்கின்றன: ஆக்சிலரேட்டர் பெடல், டர்போ அழுத்த சென்சார், கேம் சென்சார், சில வண்டிகளில் ஏசி அழுத்த சென்சார். யார் யாரோடு பங்கு என்பதை வயரிங் படம்தான் சொல்லும். இவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் எல்லாவற்றுக்கும் வரும் 5 வோல்ட் சரிந்துவிடும். ஒரே நேரத்தில் நான்கைந்து சம்பந்தமில்லாத குறியீடுகள் வந்து நிற்கும். மீட்டரை 5 வோல்ட் பின்னில் வைத்துக்கொண்டு, அதே வழியில் உள்ள சென்சார்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் துள்ளி எழுகிறதோ அந்தச் சென்சார்தான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் எழவில்லை என்றால் வயரில் ஷார்ட். இசியு பக்கத்தில் அந்த ஒரு வயரைப் பிரித்த பிறகும் எழவில்லை என்றால் மட்டுமே இசியுவைப் பற்றிப் பேசலாம்.

5 வோல்ட் சரி, சென்சாரும் புதிது. ஆனாலும் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஏன்?

எர்த்தைப் பாருங்கள். எல்லாரும் 5 வோல்ட்டைத் தேடுவார்கள். எர்த் வயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வேறிடத்தில் இரண்டு முறை சென்சார் மாற்றப்பட்ட ஒரு டீசல் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. குறியீடு பி0191. காலையில் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். பிடித்த பிறகு ஐடிலில் நடுக்கம். இரவு முழுவதும் நின்ற வண்டியில் சாவியை ஆன் செய்து சிக்னலை அளந்தபோது 0.68 வோல்ட். ஸ்கேனரில் 81 பார். இன்ஜின் ஓடவே இல்லை, ஆனால் ரெயிலில் 81 பார் இருக்கிறது என்று இசியு நம்பிக்கொண்டிருந்தது. மீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் எர்த் பின்னிலும் மற்றதைப் பேட்டரி மைனஸிலும் வைத்தோம். 0.2 வோல்ட். நல்ல எர்த்தில் அங்கே சில மில்லி வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 50 மில்லி வோல்ட்டைத் தாண்டினாலே நான் வயரைத் தேடத் தொடங்கிவிடுவேன்.

கணக்கு இப்படி. சென்சாரின் எர்த் 0.2 வோல்ட் மேலே தூக்கப்பட்டதால், அதற்குக் கிடைப்பது 5 வோல்ட் அல்ல, 4.8 வோல்ட். பூஜ்ய அழுத்தத்தில் அதன் பத்தில் ஒரு பங்கான 0.48 வோல்ட்டைச் சென்சார் தருகிறது; அதோடு தூக்கப்பட்ட 0.2 சேர்ந்து இசியுவுக்கு 0.68 ஆகத் தெரிகிறது. 1800 பார் சென்சாரில் இந்த 0.18 வோல்ட் வித்தியாசம்தான் அந்த 81 பார். ஸ்டார்ட் ஆகும்போது இசியு 200 பார் வந்துவிட்டது என்று நினைத்து இன்ஜெக்டரைத் திறக்கும் நேரத்தில், உண்மையில் ரெயிலில் இருப்பது சுமார் 124 பார்தான். ஐடிலில் 300 என்று காட்டும்போது உண்மையில் சுமார் 228. புதிய சென்சார் நேர்மையாகத்தான் வேலை செய்தது. அதன் காலடியில் இருந்த தரைதான் உயர்ந்துவிட்டது.

சென்சார் 12 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 0.2 வோல்ட் விழுவதற்கு வழியில் 17 ஓம் அளவுக்குத் தடை இருக்க வேண்டும். இன்ஜின் வயரிங் கட்டும் பாடி வயரிங் கட்டும் சேரும் நடுக் கனெக்டரைப் பிரித்தோம். ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்திருந்தது. எர்த் பின்னைச் சுற்றி மட்டும் பச்சைப் பூசணம் போல அரிப்பு. பக்கத்துப் பின்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன. அந்தப் பின்னையும் ரப்பர் வளையத்தையும் மாற்றிய பிறகு சாவி ஆனில் 0.50 வோல்ட்.

இந்த இடத்தில் சிலர் ஒரு குறுக்கு வழியை எடுப்பார்கள்: சென்சாரின் எர்த் வயரை வெட்டி, பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு போல்ட்டில் பாடி எர்த் கொடுத்துவிடுவார்கள். வண்டி உடனே ஓடும். எனக்கு இது உடன்பாடில்லை. சென்சார் எர்த் இசியுவுக்குள் போய்ச் சேருவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும்போது இன்ஜின் பாடியின் எர்த்தே சிறிது உயரும். அந்த உயர்வு சிக்னலோடு சேர்ந்து, ஸ்டார்ட் ஆகும் நேரத்திலேயே பொய்யான அழுத்தம் காட்டும்.

ஓம் மீட்டரில் வயர் நன்றாகக் காட்டுகிறது. ஆனாலும் கோளாறு போகவில்லை.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளையும் பிரித்து வயரின் தடையை அளந்தால் 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும் என்பது சரிதான். ஆனால் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தாலும் ஓம் மீட்டர் கிட்டத்தட்ட அதே எண்ணைக் காட்டும், ஏனெனில் அது அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது. அந்த ஒற்றை இழை வண்டி அதிரும்போது தொட்டும் தொடாமலும் நிற்கும்.

எனவே வயருக்குச் சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். இசியு கனெக்டர், சென்சார் கனெக்டர் இரண்டையும் கழற்றிவிட்டு, அந்த வயரின் ஒரு முனையில் பேட்டரி பிளஸ்ஸையும் மறுமுனையில் 21 வாட் பல்பையும் இணைத்து, பல்பின் மறுபக்கத்தை எர்த்தில் வையுங்கள். பல்பு முழு வெளிச்சத்தோடு எரிந்தால், சுமார் 1.75 ஆம்பியர் தாங்கும் அளவுக்கு வயர் நன்றாக இருக்கிறது. மங்கினால் இழை அறுந்திருக்கிறது. இரண்டு முனைகளும் கழற்றப்பட்டிருக்கின்றனவா என்று இரண்டு முறை பாருங்கள். கழற்றாமல் செய்தால் இசியுவுக்கு நேராக 12 வோல்ட் போகும். பின்களைக் கையாளும்போது தடித்த முனையைத் திணித்துப் பின்னின் வாயை விரித்துவிடாதீர்கள். இல்லாத கோளாறு ஒன்றை நாமே உருவாக்கியதாகிவிடும்.

கோளாறு வருகிறது, போகிறது. பட்டறைக்கு வந்தால் மட்டும் வருவதில்லை.

இதுதான் பொறுமையைச் சோதிக்கும் வகை. இன்ஜினை ஐடிலில் விட்டு, ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தை வரைபடமாக வைத்துக்கொண்டு, சென்சாரிலிருந்து இசியு வரை வயரிங் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தை அசைக்கும்போது கோடு குதிக்கிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள். பெரும்பாலும் இரும்புப் பிராக்கெட்டின் விளிம்பில் உரசும் இடம், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே வயர் வளைந்து ஆடும் இடம், எக்சாஸ்டுக்கு அருகே உறை காய்ந்து நொறுங்கிய இடம் ஆகியவற்றில்தான் பிடிபடும். ஸ்கேனர் வினாடிக்குச் சில முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். சில மில்லி வினாடிகள் மட்டும் விழும் சிக்னலை அது தவறவிடலாம். ஆஸிலோஸ்கோப்பில் அந்த வீழ்ச்சி கத்தி வைத்து வெட்டியது போலத் தெளிவாகத் தெரியும். உண்மையான அழுத்தம் அவ்வளவு வேகத்தில் பூஜ்யத்துக்கு விழுந்து எழ முடியாது என்பதால், அப்படி ஒரு கோடு தெரிந்தாலே அது மின்சுற்றுக் கோளாறு என்று உறுதியாகச் சொல்லலாம்.

எலியை மறந்துவிடக் கூடாது. சில நாட்கள் நின்ற வண்டியில் இன்ஜினின் சூடு, வயரிங் கட்டின் மறைவு எல்லாம் அதற்கு வசதி. பேட்டரிக்கு அடியிலோ இன்ஜின் கவருக்கு மேலோ எச்சமும் பஞ்சும் கிடந்தால், அங்கிருந்து தேடலைத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். உறை மட்டும் கடிபட்டுச் செம்பு வெளியே தெரியும் வயர், வெயில் காலத்தில் ஒழுங்காக வேலை செய்து முதல் மழையில் கோளாறு தரும்.

மின்சுற்று முழுவதும் சரி. ஆனால் பி0087 அல்லது பி0191 வந்துகொண்டே இருக்கிறது.

அப்படியானால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அழுத்தம் நிஜமாகவே தவறாக இருக்கிறது. ஸ்கேனரில் இசியு கேட்கும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏற்றத்தில் இழுவையோடு ஓட்டிப் பாருங்கள். கேட்பது ஏறும்போது கிடைப்பது பின்தங்கினால் ஃபில்டர், டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று, உயர் அழுத்தப் பம்ப், அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர்களிலிருந்து மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய்களைத் தனித்தனிக் குப்பிகளில் விட்டு, எது அதிகம் கசிகிறது என்று ஒப்பிடுவது எளிய, நம்பத் தகுந்த சோதனை.

பெட்ரோல் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

மின்சுற்றுச் சோதனைகள் அப்படியே பொருந்தும். அழுத்தங்கள் மட்டும் வேறு: சாதாரண பெட்ரோல் இன்ஜெக்ஷனில் 3 முதல் 4 பார், நேரடி இன்ஜெக்ஷனில் 50-இலிருந்து 200 பார், சில புதிய வண்டிகளில் 350 வரை. பழைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் இந்தச் சென்சாரே கிடையாது. பெட்ரோல் ஆவி தீப்பற்றும் என்பதால் எரிபொருள் இணைப்பைத் திறக்கும் முன் அழுத்தத்தை வெளியேற்றியே தீர வேண்டும்.

சென்சார்தான் பழுது என்று உறுதியாகிவிட்டது. மாற்றும்போது எதைக் கவனிப்பது?

இன்ஜினை அணைத்து, ஸ்கேனரில் அழுத்தம் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ஆனால் பழுதான சென்சாரின் எண்ணை நம்ப முடியாது என்பதால், கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருப்பதுதான் பாதுகாப்பு. சென்சாரைச் சுற்றியுள்ள இடத்தைச் சுத்தமாகத் துடைத்த பிறகே திருக வேண்டும். இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளிகள் சில மைக்ரான்தான், ஒரு மணல் துகள் போதும். ரெயிலோடு சென்சார் உலோகத்தின் மேல் உலோகம் அழுந்தி அடைபடுகிறது, ஆகவே டெஃப்லான் டேப்போ பசையோ போடக் கூடாது. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். சில வண்டிகளில் சென்சார் தனியாக விற்கப்படுவதில்லை, ரெயிலோடு சேர்த்தே மாற்ற வேண்டும். சிலவற்றில் மாற்றிய பிறகு இசியு கற்று வைத்த மதிப்புகளை ஸ்கேனர் வழியாக அழிக்க வேண்டும். தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் 1600 பார் சென்சாரையும் 1800 பார் சென்சாரையும் மாற்றி மாட்டினால், சாவி ஆனில் 0.5 வோல்ட் சரியாகவே வரும். ஓடும்போதுதான் ஒவ்வொரு எண்ணும் தப்பாகும். பார்ட் நம்பரைப் பழையதோடு ஒப்பிடாமல் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

அறுந்த வயரை எப்படி இணைப்பது? வேலை முடிந்தது என்று எப்போது சொல்லலாம்?

முறுக்கி டேப் சுற்றுவது இந்தச் சுற்றுக்கு ஆகாது. அதே தடிமன் உள்ள வயரைச் சேர்த்து, பற்றவைத்தோ முறையான கிரிம்ப் இணைப்பு போட்டோ, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் மாட்டிச் சூடுகாட்ட வேண்டும். இணைப்பு வயர் வளையும் இடத்தில் வரக் கூடாது. கட்டி முடித்த பிறகு பழையபடி உரசாதவாறு கிளிப்பில் நிறுத்த வேண்டும்.

பிறகு குறியீட்டை அழித்து, இன்ஜின் சூடாகும் வரை ஓட்டி, ஏற்றத்தில் ஒரு முறை முழு இழுவை கொடுத்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். வாடிக்கையாளர் அவசரப்பட்டாலும் முடிந்தவரை வண்டியை ஓர் இரவு நிறுத்தி வைத்துக்கொள்வேன். மறுநாள் காலையில், யாரும் செல்ஃப் அடிப்பதற்கு முன், சாவியை ஆன் செய்து சிக்னல் வயரில் 0.5 வோல்ட்டும் எர்த் பின்னில் சில மில்லி வோல்ட்டும் மட்டும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் சாவியைக் கையில் கொடுப்பது.